காபிக்குக் கார்டு தேய்த்ததற்கு 35 டாலர் கட்டணமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து ஒரே செக்கிங் கணக்கு. சம்பளம் ஏறுவதற்கு முந்தின நாள், கணக்கில் பணம் குறைந்திருப்பது தெரியாமல் மளிகை, மருந்து, காபி என்று மூன்று இடங்களில் டெபிட் கார்டு தேய்த்துவிட்டேன். தலா 35 டாலர் வீதம் 105 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாகச் செலவானால், மீதியை வங்கியே கட்டிவிட்டு வாங்கும் கட்டணம்) பிடித்துவிட்டார்கள். "நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்" என்கிறது வங்கி. எனக்கு நினைவே இல்லை. இந்த வசதியை நிறுத்தினால் வாடகை செக் திரும்பிவிடுமோ?

பதில்: வாடகை செக்கைப் பற்றிய பயம் வேண்டாம். கடையில் தேய்க்கும் கார்டும் ஏடிஎம்மும் ஒரு பக்கம், செக்கும் கணக்கிலிருந்து தானாகப் போகும் பில்களும் இன்னொரு பக்கம். கார்டுக்கு வேண்டாம் என்று சொன்னதற்காக, செக்குக்குத் தந்துவரும் ஓவர்டிராஃப்ட் வசதியை வங்கி நிறுத்தக் கூடாது. அமெரிக்க ஃபெடரல் விதியான ரெகுலேஷன் ஈ இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அதே விதிப்படி, 2010 முதல், ஒருமுறை செய்யும் கார்டுச் செலவுக்கும் ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்கும் நீங்கள் தனியாகச் சம்மதிக்காமல் வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்க முடியாது. கணக்கு தொடங்கும் படிவத்தில் நூறு நிபந்தனைகளோடு சேர்த்துப் போட்ட ஒரே கையெழுத்து இதற்குப் போதாது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டமும் செல்லாது. கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் தனி அறிவிப்பைத் தந்து, இதற்கென்றே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய பிறகு, "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்" என்ற தகவலோடு எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பியிருக்க வேண்டும். அதை அனுப்பும்வரை கட்டணம் பிடிக்கவும் கூடாது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுக் கணக்கில் ஒருவர் சம்மதித்தாலே அது கணக்கு முழுவதற்கும் சேரும். வங்கியோடு வாதாடும் முன் கணவரிடம் கேட்டுவிடுங்கள். ஆப்பிலோ போனிலோ அவர் சரி என்று சொல்லியிருக்கலாம். அதேபோல, ரத்து செய்ய உங்கள் ஒருவர் சொல்லே போதும்.

அப்புறம், வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில், எந்த வழியில், யார் சம்மதித்தார்கள், உறுதிக் கடிதம் எப்போது போனது? நகல் வேண்டும் என்றும் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் 105 டாலரையும் திருப்பிக் கேட்க உங்களுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. முறையான சம்மதம் இருந்தால், ரத்துக்கு முன் பிடித்ததைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆனாலும் தள்ளுபடி கேளுங்கள், கேட்டால் விட்டுக்கொடுக்கும் வங்கிகள் உண்டு.

இனி வைத்துக்கொள்வதா, வேண்டாமா? வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. பணம் இல்லையென்றால் கார்டு கடையில் மறுக்கப்படும். அதற்காக ஓவர்டிராஃப்ட் கட்டணம் வராது. தேய்க்கும்போது அனுமதித்துவிட்டுப் பிறகு கணக்கு மைனஸில் போனாலும், சம்மதம் இல்லாதவரிடம் அந்தக் கட்டணம் பிடிக்க விதி இடம் தரவில்லை. சில நிமிடச் சங்கடத்துக்குப் பயந்து 6 டாலர் காபிக்கு 41 டாலர் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு வேண்டுமென்றால், குறையும் பணம் அதிலிருந்து வரும்படி சேவிங்ஸ் கணக்கை இணைத்து வையுங்கள். கேப்பிடல் ஒன், சிட்டி போன்றவை 2022லேயே இந்தக் கட்டணத்தைக் கைவிட்டுவிட்டன. வங்கியை மாற்றுவதும் ஒரு வழி.

மாதாமாதம் கார்டில் தானாகப் போகும் சந்தாக்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை போகும் தேதியில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி மசியவில்லை என்றால் ஃபெடரல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் இணையதளத்தில் புகார் கொடுங்கள்; செலவில்லை. வழக்கு போடுவதானால் மீறல் நடந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் கொடுத்திருந்தாலும் அந்தக் காலக்கெடு நிற்காது என்பதால், கட்டணம் பிடித்த தேதி உள்ள ஸ்டேட்மென்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.