பால் பற்களும் பிரஷும்: பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், மகளுக்கு எட்டு மாதம். கீழே இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றன. இப்போதே பிரஷ் தேவையா?

பதில்: தேவைதான். முதல் பல் வெளியே தெரிந்ததுமே தொடங்கிவிடுங்கள். சிறிய தலையும் மென்மையான இழைகளும் கொண்ட பிரஷ் போதும். ஃபுளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு. மூன்று வயதானதும் பட்டாணி அளவு. விளம்பரங்களில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவார்களே, அது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கு!

கேள்வி: எப்படியும் விழப்போகிற பற்கள்தானே, சொத்தையானால் என்ன என்கிறார் மாமியார்.

பதில்: முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். வலியும் சீழும் தனி.

கேள்வி: பையனுக்கு இரண்டு வயது. பிரஷைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொண்டு அழுகிறான்.

பதில்: பலர் எதிரே நின்று தேய்க்கப் பார்க்கிறார்கள். அப்படி நின்றால் உங்களுக்குப் பல்லே தெரியாது. அவன் தலையை மடியில் சாய்த்துப் படுக்கவைத்து, மேலிருந்து பாருங்கள். மேலுதட்டின் உள்ளே நடுவில், உதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் பிரஷ் இடித்தால் நன்றாக வலிக்கும். பாதி அழுகைக்கு அதுதான் காரணம். உங்கள் விரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு தேய்த்துப் பாருங்கள். அப்புறம், "பல் தேய்க்கலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "சிவப்பு பிரஷா, நீல பிரஷா?" என்று கேளுங்கள். இன்னொரு பிரஷை அவன் கையில் கொடுத்து உங்கள் பல்லைத் தேய்க்கச் சொல்லலாம். "ஒழுங்காகத் தேய்க்காவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்" என்று மட்டும் மிரட்ட வேண்டாம். பிறகு என்னிடம் வரும்போது வாயைத் திறக்கவே மாட்டான்.

கேள்வி: பாட்டிலில் பால் குடித்தபடியே தூங்கிவிடுகிறான். பரவாயில்லையா?

பதில்: நிறுத்த வேண்டிய பழக்கம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும் பாலைக் கழுவ ஆளில்லை. உதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு கொண்டு மீட்டுவிடலாம்; குழி விழுந்தபின் முடியாது. பால் முதலில், பிரஷ் அடுத்து, அதன்பின் தண்ணீர் மட்டும். உடனே விடமாட்டான் என்றால் பாலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் தானே தேய்த்துக்கொள்கிறாள். விட்டுவிடலாமா?

பதில்: ஏழெட்டு வயதுவரை வேண்டாம். அவள் தேய்க்கட்டும், முடித்துவைப்பது நீங்கள். குறிப்பாக இரவில். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் வரும். அதையும் பால் பல் என்று நினைத்துப் பலர் கோட்டை விடுகிறார்கள். அது நிரந்தரப் பல்.

கேள்வி: மிட்டாயை அடியோடு நிறுத்தவா?

பதில்: எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதைக் கவனியுங்கள். நாள் முழுக்கக் கொறிப்பதைவிடச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் தின்று முடிப்பது மேல்.

கேள்வி: தேய்த்தபின் எத்தனை முறை கொப்பளிக்க வேண்டும்?

பதில்: ஒருமுறைகூட வேண்டாம். நுரையைத் துப்பினால் போதும். கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.