ரிப்போட்டில் ‘போடர்லைன்’: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் கிளினிக்கில் தாதியாக இருந்தவள் என்பதால், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் சலரோகம் (நீரிழிவு) பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கேட்டவற்றில் சில.

வெறும் வயிற்றில் சீனி 114. மருந்து தரவில்லை. அப்படியென்றால் வருத்தம் இல்லைத்தானே? (கொக்குவில், 43)

100 முதல் 125 வரை (மி.கி./டெ.லீ. கணக்கில்) இடைநிலை, ‘போடர்லைன்’ என்பது இதுதான். 126ஐத் தொட்டு, திரும்பப் பார்க்கும்போதும் அப்படியே வந்தால் சலரோகம். மருந்து தராததை ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு, பிறகு கால் விறைக்குது என்று வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், எடையில் 7 வீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்கச் சொன்னவர்களுக்குச் சலரோகம் வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. மெற்போமின் என்ற சலரோகக் குளிசை போட்டவர்களுக்கு 31 வீதம்தான்.

நான் இனிப்பே தொடுவதில்லை. தேத்தண்ணி மட்டும்தான். (சுன்னாகம், கடை வைத்திருப்பவர்)

எத்தனை என்று கேட்டேன். எழும்பினதும் ஒன்று, கடை திறந்து ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. ஆக பத்துத் தேக்கரண்டி, 40 கிராம் சீனி! உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. கடைகளில் ரின்பால் விட்டு ஆற்றுகிற தேத்தண்ணி இன்னும் மோசம். ஒரேயடியாக விட்டால் நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டு வாரம் சண்டை. இப்போது சீனி போட்டால்தான் அவர் முகம் சுளிக்கிறார்.

பனங்கட்டி கடித்துக் குடிக்கலாமா?

அது சீனியின் தம்பி. கணக்கில் சேரும்.

புட்டு, இடியப்பத்தை விடவேண்டுமா? (மானிப்பாய், 51)

வேண்டாம். அளவும் நேரமும்தான் பிரச்சினை. இரவு ஒன்பதரைக்கு நாடகம் பார்த்தபடி எட்டு இடியப்பம், சொதி, உடனே படுக்கை, இதைத்தான் மாற்றவேண்டும். ஏழரைக்கு நாலு இடியப்பம், கூடவே மீன், தட்டில் பாதி கீரையும் மரக்கறியும். குரக்கன் புட்டு நல்லதுதான், ஆனால் குரக்கன் என்றதும் இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களும் உண்டு.

ஆள் மெலிவு. எனக்கேன் வந்தது? (திருநெல்வேலி, 35, கணினி வேலை)

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளவுநாடா வையுங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் வைப்பது நம் உடம்பின் குணம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிள் மிதித்தது. இப்போது சந்திக்கடைக்கும் மோட்டார் சைக்கிள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் தசை இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். சிகரெட் உண்டென்றால் அதையும் விடுங்கள், ஆபத்தை 30 முதல் 40 வீதம் கூட்டும்.

திரும்ப எப்போது பார்ப்பது?

வருடம் ஒருமுறையாவது. இரத்தம் குத்துவதற்கு முன் இரண்டு நாள் இனிப்பை விட்டுவிட்டுப் போகிற கெட்டித்தனம் எச்பிஏ1சி (HbA1c) என்ற இரத்தப் பரிசோதனையிடம் எடுபடாது. அது மூன்று மாதச் சீனிக் கணக்கைச் சொல்லிவிடும்.