தினமும் நடக்கும் அதே வழியில் படமெடுக்கத் தகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடக்கப் போகும்போது கேமரா கையில் இருக்கிறது, ஆனால் வழியில் எடுக்க ஒன்றுமே தென்படுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கதவு, மரம், சைக்கிள் என்று பொருளைத் தேடிக்கொண்டு நடந்தால் எல்லாம் ஏற்கெனவே பார்த்ததாகத்தான் தெரியும். வெளிச்சம் எங்கே விழுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து நடங்கள். அப்போது காலை ஏழு மணிக்குப் பார்க்கும் கதவும் பத்து மணிக்குப் பார்க்கும் அதே கதவும் வேறு வேறாகத் தெரியும்.

வெளியே இறங்கியதும் முதலில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழலின் நீளம் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது. இரண்டு மடங்கு நீண்டிருந்தால் சுமார் 27 டிகிரி. அதற்கும் கீழே சூரியன் இருக்கும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் பரப்புகளை உரசிக்கொண்டு போகும். உரிந்த பெயிண்ட், மரப்பட்டை, சிமெண்டுப் பூச்சில் கரண்டி இழுத்த தடம் இவற்றின் சின்னச் சின்ன மேடுகளுக்கும் ஒரு நிழல் விழுந்தால்தான் அந்தச் சொரசொரப்பு படத்தில் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்த நிழல்கள் மேடுகளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். நல்ல வெயில் இருந்தும் படம் சப்பென்று இருக்கிறதே என்று பலரும் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு குறிப்பிட்ட சுவரில் வெயில் இப்படி உரசுவது கொஞ்ச நேரம்தான். கண்ணில் பட்டால் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்து போகாதீர்கள்.

சூரியனை எதிர்நோக்கி நடக்கும்போது தேட வேண்டியவை வேறு. இலை, கொடியில் காயும் மெல்லிய துணி, தூசி, நீராவி என ஒளி ஊடுருவும் அல்லது சிதறும் எதுவும் நன்றாக வரும். ஆனால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வானத்தைப் பின்னால் வைத்து இலையை எடுத்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடும், இலை கறுத்துப் போகும். ஒரு எட்டு நகர்ந்தோ கொஞ்சம் நிமிர்ந்தோ அதே இலைக்குப் பின்னால் நிழலான சுவர் ஒன்று வரும்படி செய்தால் நரம்புகள் முழுக்கத் தெரியும். எடுக்குமுன் கைபேசியின் லென்ஸைச் சுத்தமான துணியால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப் படலம் எதிர்வெயிலில் படம் முழுவதையும் வெளுக்கவைத்துவிடும்.

உச்சிவெயில் நேரத்தை நான் ஒதுக்க மாட்டேன். மாடிப்படிகள், கம்பி வேலி, ஜன்னல் கிராதி எல்லாம் அழுத்தமான நிழல் போடும் நேரம் அது. அப்போது நிழலையே படத்தின் பொருளாக எடுத்துக்கொண்டு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி பாதியாகும்படி) குறையுங்கள். மேகமூட்டமான நாளில் நிறங்களைத் தேடுங்கள், வானத்தை ஃப்ரேமுக்குள் விடாதீர்கள். வெள்ளை வானம் ஒரு மூலையில் இருந்தாலும் பார்ப்பவரின் கண் அங்கேதான் போகும்.

மழை விட்ட பிறகு தேங்கும் தண்ணீர், நடப்பவருக்குக் கிடைக்கும் மிக வளமான பொருள். இந்தத் தண்ணீர்க் குட்டைகளை எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை கெடுவது நின்றபடியே எடுப்பதால். மேலிருந்து பார்த்தால் அழுக்குத் தண்ணீரும் தரையும்தான் தெரியும். கண்மட்டம் இறங்க இறங்கப் பிரதிபலிப்பின் வலிமை கூடும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி இறக்குங்கள். உள்ளங்கை அகலக் குட்டையில்கூட ஒரு முழுக் கட்டடம் அடங்கிவிடும். ஃபோகஸை நீர்ப்பரப்பில் வைக்காமல் பிரதிபலிக்கும் கட்டடத்தின் மேல் வையுங்கள். பிரதிபலிப்பு ஒளியியல்படி தண்ணீருக்குப் பின்னால், அந்தக் கட்டடத்தின் முழுத் தூரத்தில் இருக்கிறது. நீர்ப்பரப்பில் மிதக்கும் இலையும் கட்டடமும் ஒன்றாகக் கூர்மையாக வேண்டுமென்றால் கேமராவில் லென்ஸின் துவாரத்தை எஃப்/11 அல்லது எஃப்/16 வரை சுருக்க வேண்டியிருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசிங் ஃபில்டரை லென்ஸில் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது நீங்கள் தேடுவதையே அழித்துவிடக்கூடும். லேசான காற்றுகூடப் பிம்பத்தை உடைக்கும், அது அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

பொருள் கிடைத்த பிறகும் படம் கெடுவதற்கு முக்கியக் காரணம், பார்த்த இடத்திலிருந்தே எடுத்துவிடுவது. அங்கிருந்து ஒரு படம் எடுங்கள். தூரத்தைப் பாதியாக்கி இன்னொன்று, மறுபடி பாதியாக்கி மூன்றாவது. பெரும்பாலும் மூன்றாவதில்தான் நீங்கள் எதைப் பார்த்து நின்றீர்கள் என்பது தெளிவாகும். பெரும்பாலான கைபேசிகளின் பிரதான லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் ஃப்ரேம் அளவுக்கே சென்சார் உள்ளது) ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலத்தைக் காட்டும், அதனால் வேண்டாததும் உள்ளே வந்துவிடும். மிக நெருங்கினால் பல புதிய கைபேசிகள் தாமாகவே அல்ட்ரா-வைடு லென்ஸுக்கு மாறி உருவத்தைப் பிதுக்கிக் காட்டும். அப்போது ஓர் அடி பின்வாங்கி 2 எக்ஸ் வைத்து எடுப்பது மேல்.

கேமரா என்றால் ஒரே ஒரு குவியத் தூரத்தோடு, அதாவது ஜூம் செய்யாமல் ஒரே மி.மீ. அளவில், சில வாரங்கள் நடந்து பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டுக் கிடைமட்டமாகப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் விழும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் மூன்று மீட்டர் அகலம். 50 மி.மீ. என்றால் அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு கண்ணுக்குப் பழகிவிட்டால் கேமராவை எடுக்காமலே ஃப்ரேம் எங்கே முடியும் என்று தெரியும். ஜூம் லென்ஸில் இந்தப் பழக்கம் படியத் தாமதமாகும்.

ஆள் வேண்டிய படத்துக்கு ஆளைத் துரத்த வேண்டாம். நிழலான தெருவில் ஒரு துண்டு வெயில் விழும் இடத்தைப் பிடித்து, பின்னணி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். 35 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து கடைசி தூரம்வரை ஏற்கத்தக்க கூர்மை இருக்கும், ஆட்டோஃபோகஸ் தடுமாறும் பிரச்சினையே இல்லை. நடப்பவரை அசைவின்றிப் பிடிக்க ஷட்டர் 1/250 நொடி, குறுக்கே நெருக்கமாகக் கடப்பவருக்கு 1/500. எக்ஸ்போஷரை அந்த வெயில் துண்டுக்கு அளந்து பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கேமரா நிழலைத் தூக்கிக் காட்டப் பார்த்து வெயிலை வெளுத்துவிடும். கால்கள் இரண்டும் விரிந்து எட்டு வைக்கும் தருணத்தில் அழுத்துங்கள், கால் சேர்ந்திருந்தால் ஆள் கம்பம் நட்டதுபோல் நிற்பார். முகம் தெளிவாகத் தெரிந்தால், முக்கியமாகக் குழந்தைகள் என்றால், கேட்டுவிட்டு எடுங்கள்.

இடம் போதவில்லை என்று இன்னும் தோன்றினால் செக் புகைப்படக்காரர் யோசெஃப் சுதெக்கை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராகில் இருந்த தன் ஸ்டூடியோவின் ஜன்னலை, பனியும் நீர்த்துளியும் படிந்த அந்தக் கண்ணாடியோடு, 1940 முதல் 1954 வரை தொடர்ந்து படமெடுத்தார். அந்தப் படத்தொடருக்கு அத்தனை ஆண்டுகளும் ஒரு ஜன்னலே போதுமானதாக இருந்தது.

நல்ல வெளிச்சம் பட்ட இடத்தைக் கைபேசியில் குறித்து வையுங்கள்: இடம், நேரம், எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள், கூடவே மாதம். சூரியன் உதிக்கும் இடமும் மறையும் இடமும் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு சந்துக்குள் நேராக வெயில் பாய்வது சில வாரங்களில் நின்றுபோகும். பெரும்பாலும் மறுபடி எப்போது வரும் என்று கணக்கிடுவதும் எளிது: ஜூன் 21-க்கு எத்தனை நாள் முன்பு பார்த்தீர்களோ, அதற்கு அத்தனை நாள் பின்பு சூரியன் ஏறக்குறைய அதே பாதையில் வரும். டிசம்பர் 21-ஐ வைத்தும் இதே கணக்குப் போடலாம்.