ஒரே படியால் அளப்போம்: தேர்தல் கேள்வி-பதில்

2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 அன்று தமிழகத்தின் 39 தொகுதிகளும் புதுச்சேரியும் வாக்களித்தன. அதற்கு முன் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுச் சண்டைகள். அப்பாவும் மகனும், அண்ணனும் தம்பியும், ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் நண்பர்களும் தலைவர்களை வைத்து மோதிக்கொள்கிறார்கள். அரசுக் கணக்குகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று சொல்ல மாட்டேன். வாங்க ஒரு படி, விற்க ஒரு படி என்று இரண்டு படி வைத்து அளக்காதீர்கள் என்பதை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மோடி ஆட்சியில்தான் நாடு வளர்ந்தது என்கிறான் என் மகன். மன்மோகன் சிங் காலத்து வளர்ச்சியை யாரும் தொடவில்லை என்கிறான் என் தம்பி. இருவரும் கைபேசியில் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். யாரை நம்புவது? (வாசகர், திண்டுக்கல்)

இருவர் காட்டுவதும் அச்சில் வந்த எண்களாகவே இருக்கலாம். 2015 ஜனவரியில் ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி) கணக்கின் அடிப்படை ஆண்டு, அதாவது விலைகளை ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஆண்டு, 2004-05-லிருந்து 2011-12-க்கு மாறியது. கணக்கிடும் முறையும் கூடவே மாறியது. பழைய ஆண்டுகளைப் புதிய முறைக்குக் கொண்டுவரும் வேலை 2018-ல் நடந்தபோது, 2010-11-ன் வளர்ச்சி 10 சதவீதத்துக்கு மேல் என்றது ஒரு குழு. அதே ஆண்டு நவம்பரில் வந்த அதிகாரபூர்வக் கணக்கு 8.5 என்றது. ஆண்டு ஒன்று, எண் இரண்டு. ஆகவே உங்கள் மகனும் தம்பியும் முதலில் ஒரே வரிசை எண்களை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்து, காலம். 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது, 2020-ல் கொரோனா வந்தது. 2020-21-ல் பொருளாதாரம் 5.8 சதவீதம் சுருங்கியது. ஒரு தரப்புக்கு நெருக்கடி ஆண்டைக் கழித்துவிட்டு மறுதரப்புக்குச் சேர்த்துக்கொள்வது கள்ளப் படி.

எனக்கு ஜிடிபியைவிட வேலைக் கணக்குதான் முக்கியம். அரசின் வேலைக் கணக்கெடுப்பு அறிக்கைப்படி வேலையின்மை 2017-18-ல் 6.1 சதவீதம், 2022-23-ல் 3.2. பாதியாகக் குறைந்துவிட்டதே என்று உங்கள் மகன் மகிழலாம். ஆனால் அதே அறிக்கையில் இன்னும் சில பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் வாங்குவோரின் பங்கு 22.8-லிருந்து 20.9 சதவீதமாக இறங்கியிருக்கிறது. குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவுவோரின் பங்கு 13.6-லிருந்து 18.3 ஆக ஏறியிருக்கிறது. பட்டம் முடித்துவிட்டு அம்மாவின் இட்லிக் கடையில் மாவு கரைக்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் வேலையில் இருப்பவள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 6.1 என்ற அந்த எண் 2019 தேர்தலுக்கு முன்பே கசிந்தது. அரசு அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது மே 31 அன்று, வாக்குகள் எண்ணி முடிந்த பிறகு. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2024 தேர்தல் வரை எடுக்கப்படவில்லை. மதிப்பெண் பட்டியலை ஒளித்துவைக்கும் பிள்ளைக்கு எந்த வீட்டிலும் பாராட்டுக் கிடைக்காது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதை நான் பெரிய குறையாகவே எழுதுவேன்.

இலவச கேஸ் இணைப்புத் திட்டம் சாதனையா, விளம்பரமா? (வாசகி, வந்தவாசி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் இதற்கான விடையைப் பார்த்தேன். சமையலறை மூலையில் சிவப்பு சிலிண்டர் நின்றது. பூப்போட்ட துணி உறை, அதன்மேல் தேய்த்துக் கவிழ்த்த பித்தளைச் செம்பு. கொல்லையில் மூன்று கல் அடுப்பில் வேலிக்காத்தான் விறகு எரிந்துகொண்டிருந்தது. "யாராவது விருந்தாளி வந்தால், மழை பெய்தால், குழந்தைக்கு ஜுரம் என்றால் பற்றவைப்பேன். மற்ற நாளுக்குக் கட்டுப்படியாகாது" என்றார் அந்த அம்மா.

2016 மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கிய உஜ்வலா திட்டம் இன்று 10 கோடிக் குடும்பங்களைத் தாண்டியிருக்கிறது. இது வெறும் விளம்பரமாக இருக்க முடியாது. புகையில் கண் எரிந்து சமைத்த தலைமுறைகளை நினைத்தால் இதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 2019-20-ல் 3.01, 2022-23-ல் 3.71. மற்ற வீடுகளில் ஆறுக்கு மேல். இணைப்புக்கு முழு மதிப்பெண், பயன்பாட்டுக்குப் பாதி. 2023 அக்டோபரில் சிலிண்டருக்கான மானியத்தை 300 ரூபாயாக்கினார்கள்.

இதே படியால் முந்தைய ஆட்சியையும் அளக்க வேண்டும். 2005-ல் சட்டமான 100 நாள் வேலைத் திட்டம் பெரிய சாதனை. ஆனால் 100 நாள் என்பது அந்தச் சட்டத்தில் இருந்த எண். சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்தது, எந்த ஆட்சியிலும், ஏறக்குறைய 50 நாள்தான்.

பெட்ரோல் விலைக்கு யார் காரணம்? மத்திய அரசா, மாநில அரசா? (வாசகர், கரூர்)

இரண்டும். 2014 மே மாதத்தில் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாய். 2020-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, அந்தப் பயனை நமக்குத் தராமல் வரியை 32.98 வரை ஏற்றினார்கள். பின்னர் இரண்டு முறை குறைத்து 2022 மே மாதத்தில் 19.90-க்குக் கொண்டுவந்தார்கள். அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி 1.40 ரூபாய் மட்டும். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது.

மறுபக்கம், மன்மோகன் சிங் அரசு விலையை அடக்கிவைத்த செலவில் ஒரு பகுதியை எண்ணெய்க் கடன் பத்திரங்களாக அடுத்து வருபவர்களின் தலையில் வைத்துவிட்டுப் போனது. திமுக 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பதாகச் சொன்னது, குறைத்தது 3 ரூபாய். டீசலுக்குச் சொன்ன 4 ரூபாயைத் தொடவே இல்லை.

அமெரிக்காவைப் போல மோடியும் ராகுலும் ஒரே மேடையில் ஏன் விவாதிப்பதில்லை? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

அமெரிக்காவில் 1960-ல் கென்னடியும் நிக்சனும் தொடங்கிவைத்தார்கள். நம்மைப் போல நாடாளுமன்ற முறை உள்ள பிரிட்டனிலேயே 2010-ல்தான் முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. இங்கும் நடக்கட்டும், நான் வரவேற்பேன். ஆனால் நமக்கென்று அந்த மேடை ஏற்கெனவே இருக்கிறது, அது மக்களவை. 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது அங்கேதான். அந்த விவாதத்தை வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள்.

அந்த மேடையின் அண்மைக்கால நிலை என்ன? 2019-24 மக்களவைக்கு ஐந்து ஆண்டுகளும் துணை சபாநாயகரே இருக்கவில்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2009-14 அவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் நிலைக்குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 2019-24 அவையில் சுமார் 16 சதவீதம். எதிர்க்கட்சிகளும் அமளியில் கரைத்த நாள்கள் ஏராளம், காங்கிரஸ் ஆண்டபோது பாஜகவும் அதையே செய்தது. தலைவர்கள் தொலைக்காட்சிக்கு வரவில்லையே என்று வருந்துவதைவிட, கேள்வி நேரம் ஒழுங்காக நடக்கவில்லையே என்று கோபப்படுங்கள்.

ஊழலில் யார் மோசம்? (வாசகர், ஆவடி)

2ஜி கைபேசி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று 2010-ல் தணிக்கைத் துறை சொன்னது ஒரு மதிப்பீடு. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017-ல் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில்தான் விசாரணைக்கு ஏற்றது. இந்த நான்கையும் சேர்த்துச் சொல்பவரின் பேச்சைக் கேளுங்கள்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரமும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதிகப் பணம் பெற்றதும் பாஜக. ஆனால் திமுகவுக்கு ஒரே லாட்டரி நிறுவனம் 509 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒன்றான மார்க்சிஸ்ட் கட்சி பத்திரத்தில் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

எல்லோரும் ஒன்றுதான். நோட்டாவுக்குப் போடலாமா? (வாசகி, சேலம்)

உங்கள் உரிமை. ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் வெற்றி பெறுவார். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். படிவம் 26 என்று பெயர். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். சொத்து, கடன், நிலுவை வழக்குகள், படிப்பு எல்லாம் அதில் உண்டு. ஒன்றுதான் என்று நினைத்த இருவர் அந்தப் பக்கங்களில் வேறு வேறு ஆட்களாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேட்பாளர் நாளை எங்கள் தெருவுக்கு வருகிறார். ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கும். என்ன கேட்கலாம்? (வாசகி, உசிலம்பட்டி)

உங்கள் கடிதத்தில் 100 நாள் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழகத்தில் 2024 ஏப்ரல் முதல் தேதியில் அதற்கான கூலி 319 ரூபாய் ஆனது. வேலை செய்த 15 நாளுக்குள் கூலி வர வேண்டும் என்பது சட்டம். உங்கள் வேலை அட்டையில் சென்ற ஆண்டு எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் பணம் எந்தத் தேதிகளில் ஏறியிருக்கிறது என்று இன்று இரவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆளுங்கட்சியானால் ஏன் தாமதம் என்றும், எதிர்க்கட்சியானால் எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்றும் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கும்போது அட்டையையும் தாளையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.