நிறுத்திவிட்ட சாண்ட்ரோவை நம்பி வாங்கலாமா?

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவை மாதம் இரண்டு மூன்று தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். பஸ்ஸில் ஏறி இறங்க அவர்களால் முடியவில்லை. தெரிந்த ஆசிரியர் ஒருவர் தன் ஹூண்டாய் சாண்ட்ரோ ஜிங் காரை 1,15,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 2012 ஜூனில் பதிவான வண்டி, 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "கம்பெனியே நிறுத்திவிட்டது, ஸ்பேர் கிடைக்காது" என்று மாமா தடுக்கிறார். நண்பரோ "2022 வரை சாண்ட்ரோ வந்ததே" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். சாண்ட்ரோ என்ற பெயரில் வந்தவை மூன்று.

முதலாவது 1998 செப்டம்பரில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்த, நம் மண்ணில் பிறந்த வண்டி. ஹூண்டாய் இந்தியாவில் விற்ற முதல் காரும் அதுதான். 999 சிசி இன்ஜின். மாருதி 800-ல் கார்புரேட்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ புதிதாக இருந்தது. கூரை உயர்ந்த அந்த உருவத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் பலர். ஆனால் உயரமான கூரையால் சீட்டும் உயர்ந்தது. குனியாமல், முழங்காலை மடக்கிச் சிரமப்படாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

2003-ல் உடலை மாற்றி ஜிங் வந்தது. பிறகு 1,086 சிசி இன்ஜின்தான் அதன் அடையாளம். 2007-ல் ஐ10, 2011-ல் இயான் என்று அதே வீட்டிலிருந்தே போட்டி வர, 2014 முடிவில் ஜிங்கை நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் பழைய பெயரோடு புது வண்டி ஒன்று வந்து 2022-ல் நின்றது. உங்கள் நண்பர் சொல்வது அதை. உங்களுக்குக் கிடைப்பது நடுவில் உள்ள ஜிங்.

மாமாவின் பயம் இன்ஜின் விஷயத்தில் தேவையில்லை. ஐ10-ன் 1.1 லிட்டர் இன்ஜினும் இதே இன்ஜின் குடும்பத்தில் வந்ததுதான். பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர் போன்றவற்றை வெளிக் கம்பெனிகளும் செய்கின்றன. மதுரையில் சாண்ட்ரோவில் கை வைத்திராத மெக்கானிக் குறைவு. டேஷ்போர்டு, கதவு உள்பக்கம் போன்ற பாகங்களுக்குத்தான் பழைய பாகக் கடைகளில் அலைய வேண்டிவரும்.

நான் பயப்படுவது, இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு. அது ரப்பர், வண்டி ஓடாமல் நின்றாலும் வயதாகும். ஓடும்போது அறுந்தால் இன்ஜினுக்குள் வால்வு வளையும். 61,000 கிலோமீட்டர்தானே என்று விடாதீர்கள். மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. 2012 வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல.

ஓட்டிப் பார்க்க ஊருக்குள் ஒரு சுற்று போதாது. நல்ல வெயிலில், நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறுங்கள். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டக் கூடாது, ஏசி தளரக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மதுரைக்கு 40 கிலோமீட்டர் போய்வர அந்த வண்டி தாராளம்.

அப்புறம் ஆர்சி. 15 வருடக் கணக்கில் 2027 ஜூனில் முடியும். அதற்குப் பிறகு ஓட்டவே கூடாது என்பது தவறு. டெல்லியில் போட்ட தடையை நம்மூர் விதியென்று பலர் நினைக்கிறார்கள். ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். பசுமை வரியும் உண்டு. இதையும் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால், நானாக இருந்தால் வாங்குவேன்.

குழந்தைகளோடு நான்குவழிச் சாலையில் அடிக்கடி தூரம் போவதாக இருந்தால் மட்டும் வேண்டாம். ஜிங்கில் பெரும்பாலும் ஏர்பேக் கிடையாது. 2018 வண்டிக்கே, காரை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 5-க்கு 2 நட்சத்திரம்தான் கிடைத்தது.

கேள்வி: மேலூரில் என் பழைய காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. எனக்கு ஏதும் சிக்கல் வருமா?

பதில்: வரும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். தாமதமானாலும் பரவாயில்லை, விற்ற ரசீதோடு படிவம் 29-ஐ இந்த வாரமே கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் இன்னும் ஓடுகிறதா என்றும் வாங்கியவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.