வடக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டே பேராகக் காரில் மூன்று வாரம்: எங்கே தங்குவது, விலங்குகள் கண்ணில் படுமா?

கேள்வி கேட்டவர் தன் மனைவியுடன் டார்வினிலிருந்து ப்ரூம் வரை காரில் போக நினைக்கிறார். மூன்று வாரம் கையில் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் போட்டு வைத்திருக்கிறார். எந்தப் பூங்காக்களில் தங்குவது, காட்டு விலங்குகளைப் பார்க்க முடியுமா, இருவர் மட்டும் போவது ஆபத்தா என்று கேட்டிருக்கிறார்.

நானும் என் வீட்டுக்காரரும் இதே வழியில் போய் வந்தவர்கள். மெல்பர்னில் இருக்கிறோம். 2024 ஆகஸ்ட்டில் டார்வினுக்கு விமானத்தில் போய், மேலே கூடாரம் வைத்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். ப்ரூமில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது 24 நாள் ஆகியிருந்தது. எங்கே தங்குவது என்று சொல்வதற்கு முன் ஒன்று: நீங்கள் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். அந்த நாட்களை ககாடு தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள். நாங்கள் கிளம்பும்போது ககாடுவுக்கு நான்கு நாள்தான் வைத்திருந்தோம். எட்டு நாள் இருந்தோம். அதற்காக கிப் ரிவர் சாலையை முழுவதுமாக விட்டோம். 660 கிலோமீட்டர் மண் சாலை, பல பேர் அதற்காகவே அங்கே போகிறார்கள். விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

ககாடு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. டார்வினிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரூ என்ற சிற்றூருக்கு 250 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. போகிற வழியிலேயே ஃபாக் அணையில் நிறுத்துங்கள். 1950-களில் இங்கே பெரிய அளவில் நெல் விளைவிக்கப் பார்த்தார்கள், அந்த வயல்களுக்குத் தண்ணீர் விடக் கட்டிய அணை இது. நெல் திட்டம் தோற்றுப்போனது. அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, மேக்பை வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கிப் பயிரைத் தின்றது. இப்போது அணை பறவைகளுக்கே ஆகிவிட்டது. முதலை இருப்பதால் கரைமேல் நடக்கவிட மாட்டார்கள், காரில்தான் கடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் திருவாரூர் பக்கம் விவசாயக் குடும்பம். வண்டியை நிறுத்திவிட்டு அந்த நீர்ப்பரப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ககாடுவில் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலைக்கு. கூயிண்டா என்ற தங்குமிடத்தில் இருந்தால் படகுத்துறை பக்கத்திலேயே. சூரியன் எழும்போது கிளம்பும் படகில் ஏறுங்கள். தண்ணீர்மேல் பனிப்புகை, செந்தாமரை, அல்லி, இலைமேல் நடந்து போகும் இலைக்கோழி, சிறகை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, மரக்கிளையில் வெண்வயிற்றுக் கடற்கழுகு. பாதிப் பறவைகள் நம் ஊர்க் குளத்துப் பறவைகளின் சொந்தக்காரர்கள். அதனால்தானோ என்னவோ எனக்கு அந்த இடம் அந்நியமாகவே தெரியவில்லை.

முதல் நாள் படகில் என் வீட்டுக்காரர் அரை மனதோடுதான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓட்டுவதுதான் பிடிக்கும், பறவை என் ஆசை. கரையோரம் ஒரு ஜோடி கருங்கழுத்து நாரை நின்றது. அங்கே அதைத்தான் ஜபிரூ என்கிறார்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். ஆண் எது பெண் எது என்று கேட்டார். கண்ணைப் பாருங்கள் என்றேன். பெண்ணுக்கு மஞ்சள் கண், ஆணுக்குக் கருங்கண். தொலைநோக்கியை என் கையிலிருந்து வாங்கியவர் படகு திரும்பும்வரை கொடுக்கவில்லை. கரை இறங்கியதும், "ஏம்மா, நாளைக்குக் காலையிலயும் இதுல இடம் இருக்கா, கேளு" என்றார். அப்படித்தான் நான்கு நாள் எட்டானது. ஐந்து முறை அதே தண்ணீரில் போனோம். மூன்றாம் முறைதான் முதலை ஒன்று மீனைக் கவ்வி, தலையை உயர்த்தி ஆட்டி விழுங்குவதைப் பார்த்தோம். ஐந்தாம் முறை அந்த நாரை ஜோடி எங்கே நிற்கும் என்று எங்களுக்கே தெரிந்திருந்தது.

எப்போது போவது? பினிஞ், முங்குய் என்ற பழங்குடி மக்கள்தான் அந்த மண்ணின் சொந்தக்காரர்கள். அவர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் நடுவரை வுர்கெங், இரவில் குளிரும் பருவம். அதன்பின் அக்டோபர் நடுவரை குர்ருங், வெயில் ஏறும், வெள்ளச் சமவெளி வற்றும், மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி உயிர்கள் எல்லாம் கூடும். விலங்குதான் உங்கள் நோக்கம் என்றால் குர்ருங் தொடக்கத்தில் போங்கள். வெயில் தாங்க வேண்டும், அருவிகள் வற்றியிருக்கும். ஜிம் ஜிம் அருவியில் நாங்கள் பார்த்தது பாறைச் சுவரும் அடியில் குளமும்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. அப்போது பூங்காவின் பெரும்பகுதிக்குச் சாலையே இருக்காது.

முதலையைப் பற்றி விளையாட்டில்லாமல் சொல்கிறேன். அங்கே இரண்டு வகை. மூக்கு ஒடுங்கிய நன்னீர் முதலை சிறியது, நாம் சீண்டாதவரை பெரும்பாலும் ஒதுங்கிப்போகும். அகன்ற முகமுள்ள உவர்நீர் முதலையை ஊர்க்காரர்கள் 'ஸால்ட்டி' என்கிறார்கள். அது மனிதனை இரையாகப் பார்க்கும். பெயரில் உவர்நீர் என்று இருந்தாலும் நல்ல தண்ணீரிலும் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே வரும். தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி அழியும் நிலைக்கு வந்தபோது, 1971-ல் டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசம் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அப்போது சுமார் 3,000 இருந்தவை இன்று ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு விலங்கு இப்படி மீண்டு வந்ததை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். நீர்க்கரையிலிருந்து 50 மீட்டராவது தள்ளிக் கூடாரம் போடுங்கள். தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்ளாதீர்கள், அது கவனித்து வைத்துக்கொள்ளும். குளிக்கலாம் என்று பலகை இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் காலை நனைக்காதீர்கள்.

கேஹில்ஸ் கிராஸிங்கில் ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலம் ஒன்று இருக்கிறது. கடல் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறும் நேரத்தில், மேலே நீந்திப் போகும் மீன்களுக்காக முதலைகள் வரிசையாகக் காத்திருக்கும். ஏற்ற நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு போய், மேலே உள்ள பார்வை மேடையில் நின்று பாருங்கள். பாலத்தில் இறங்க வேண்டாம். அங்கே கார்கள் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன. அக்கரை பழங்குடி மக்களின் நிலமான ஆர்னெம் லாண்ட், அனுமதிச் சீட்டு இல்லாமல் போகவும் கூடாது.

கேஹில்ஸ் கிராஸிங்குக்குப் போன அன்று மாலையே, பக்கத்தில் பாறை ஓவியங்கள் உள்ள உபிருக்குப் போனோம். இந்தப் பகுதியின் குகை ஒன்றில் 65,000 ஆண்டுக்கு முன்பே மனிதர் வாழ்ந்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. உபிர் பாறைகளில் மீன்களை எலும்பும் குடலும் தெரிய வரைந்திருக்கிறார்கள். உயரத்தில் ஒரு தைலசீன் ஓவியமும் உண்டு, முதுகில் வரிகொண்ட அந்த விலங்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து மறைந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதை நேரில் பார்த்த ஒருவர் வரைந்த கோட்டின் முன் நாம் நிற்கிறோம். பிறகு பாறை உச்சிக்கு ஏறினால் நடாப் வெள்ளச் சமவெளி பச்சையாக விரிந்து கிடக்கும். சூரியன் மறையும்வரை அங்கே ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

எல்லாம் மகிழ்ச்சியான செய்தி இல்லை. 1935-ல் கரும்புப் பூச்சியை ஒழிக்க என்று குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்துவிட்ட கரும்புத் தேரை 2001-ல் ககாடுவை எட்டியது. அதன் உடம்பில் விஷம். தெரியாமல் தின்ற உடும்புகளும் குவோல் என்ற புள்ளி போட்ட சிறு ஊனுண்ணியும் ஏராளமாக மடிந்தன. குவோலைப் பார்த்துவிட வேண்டும் என்று எட்டு இரவும் டார்ச்சோடு உட்கார்ந்தேன், ஒன்றுகூட வரவில்லை. தேரைகள்தான் வந்தன. அப்புறம் எருமை. 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் இறைச்சிக்காகக் கப்பலில் கொண்டுவந்தவை காட்டில் பெருகிவிட்டன. கொம்பை விரித்துக்கொண்டு சேற்றில் அது படுத்திருந்ததைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு ஊரையே கண்ட சந்தோஷம். ஆனால் அவை மிதித்துத் தோண்டும் தடங்கள் வழியாக உப்புநீர் நன்னீர்ச் சதுப்புக்குள் ஏறிவிடுகிறது என்று படகு ஓட்டிய பெண் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

ககாடுவைத் தாண்டியதும் கேத்ரின் என்ற ஊர். அதன் பக்கத்தில் உள்ள நிட்மிலுக் பள்ளத்தாக்கு ஜவோய்ன் என்ற பழங்குடி மக்களுடையது, 1989-ல் நிலத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். படகில் போங்கள், நடக்க முடிந்தால் நடங்கள். கேத்ரினிலிருந்து மேற்கு ஆஸ்திரேலிய எல்லைக்கு அப்பால் உள்ள கனனரா ஊருக்கு 512 கிலோமீட்டர். இந்த வழியில்தான் அடிபெருத்த போவாப் மரங்கள் தொடங்கும். ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி என்று சொல்கிறோமே, அதன் ஆஸ்திரேலிய உறவு.

மாநில எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன், விதை எதையும் கொண்டுபோக முடியாது. மெல்பர்ன் வீட்டுச் செடியிலிருந்து பறித்து டப்பாவில் கொண்டுவந்த கறிவேப்பிலையும் அதில் அடக்கம். எனவே முந்தின இரவு கீப் ரிவர் பூங்காவில் இருந்த தக்காளி, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் போட்டு ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து முடித்தோம். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வையுங்கள். கனனராவில் ஆகஸ்ட் மாதம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும்.

கனனராவுக்குத் தெற்கே உள்ள பர்னுலுலு பூங்காவுக்கு இரண்டு இரவு கொடுங்கள். தேன்கூடு போல் கோடு கோடான மணற்கல் குன்றுகள், 2003 முதல் உலகப் பாரம்பரியத் தலம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே 53 கிலோமீட்டர்தான், ஆனால் ஓடைகளும் கல்லுமாக எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அங்கேதான் பின் டயர் கிழிந்தது. போனில் சிக்னல் இல்லை. ஜாக்கி மண்ணில் புதைந்துகொண்டே போனது. பின்னால் வந்த வயதான தம்பதி ஒரு பலகையைக் கொடுத்து, மாற்றி முடிக்கும்வரை கூடவே நின்றார்கள். பலகை ஒன்று, இரண்டாவது ஸ்டெப்னி, செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி, ஆளுக்கு நாளுக்குப் பத்து லிட்டர் கணக்கில் தண்ணீர், இவை இல்லாமல் மண் சாலையில் இறங்க வேண்டாம்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் முதலையைவிட இருட்டில் ஓட்டுவதுதான் ஆபத்து. வாலபி என்ற சிறிய கங்காரு, மாடு, எருமை எல்லாம் அந்தி சாய்ந்ததும் சாலைக்கு வரும். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டினால் பலவற்றில் காப்பீடே கிடையாது. நாங்கள் தினமும் நாலரைக்குள் வண்டியை நிறுத்திவிடுவோம். எதிரே ரோட் டிரெய்ன் வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். மூன்று பெட்டி கோத்து 50 மீட்டருக்கு மேல் நீளும் லாரி அது, நமக்காக ஒதுங்காது.

மூன்று வாரத்துக்கு இப்படிப் பிரிப்பேன்: டார்வின் இரண்டு நாள், ககாடு ஏழு, கேத்ரின் மூன்று, கீப் ரிவரும் கனனராவும் சேர்த்து நான்கு, பர்னுலுலு இரண்டு, மீதி ப்ரூமுக்கு. கனனராவிலிருந்து ப்ரூம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதை ஒரே நாளில் ஓட்ட நினைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் கூயிண்டாவில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் விமான டிக்கெட் எடுக்கும் அன்றே தங்குமிடத்தையும் விடிகாலைப் படகையும், குறைந்தது இரண்டு முறைக்கு, பதிவு செய்துவிடுங்கள்.