கை குலுக்க வைத்தேன், அப்புறம்?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை மூன்று பேர் பட்டப்பெயர் சொல்லி ஓயாமல் சீண்டுவதாக அவன் அம்மா வந்து அழுதார். நால்வரையும் என் அறைக்கு அழைத்தேன். மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். கை குலுக்க வைத்து அனுப்பினேன். அதன்பின் புகாரே வரவில்லை. ஆனால் இப்போது வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி என்று அவன் பள்ளிக்கே வருவதில்லை. எங்கே தவறினேன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தலைமையாசிரியருக்கு,

அந்தக் கை குலுக்கலில்தான் என்று நினைக்கிறேன். சமபலம் உள்ள இருவர் சண்டை போட்டால் சமரசம் பேசலாம். இங்கே நடப்பது புல்லியிங், அதாவது ஆளைக் குறிவைத்துச் சீண்டுவது. அதைப் பற்றிய ஆய்வுக்கு நார்வேயில் வழிபோட்ட டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. இந்த மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். மூவருக்கு நடுவே நின்றுகொண்டு "சரி மிஸ்" என்பதைத் தவிர அவன் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? கதவைத் தாண்டியதும், "போட்டுக்குடுத்தியாடா?" என்று ஒருவன் காதருகே கேட்டிருப்பான். புகார் அதோடு நின்றிருக்கும்.

முதலில் வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் வராத நாட்களில் என்ன பீரியட்? விளையாட்டா, வகுப்பு மாறிப் போகவேண்டிய லேபா? பெரியவர்கள் கண்ணில் படாத இடம் அங்கே எது என்று தெரிந்தால், நாளைக்கே ஓர் ஆசிரியரை அங்கே நிற்கச் சொல்லலாம்.

அவனிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பு நடுவில் ஆளனுப்பிக் கூப்பிடாதீர்கள், ஊருக்கே தெரிந்துவிடும். மூவரையும் ஒரே நாளில், தனித்தனியாக, கூடிப்பேச நேரம் தராமல் விசாரியுங்கள். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து அவனிடம் மறுபடி கேளுங்கள், ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். பள்ளிகள் கோட்டை விடுவது இந்த இரண்டாம் விசாரணையில்தான். மூவரையும் சஸ்பெண்ட் செய்யச் சொல்லிச் சிலர் வருவார்கள். எடுத்த எடுப்பில் அது வேண்டாம் என்பேன். வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவனின் கோபம் யார்மேல் இறங்கும்?

மிச்சமிருப்பது வேடிக்கை பார்க்கும் கூட்டம். கனடாவில் ஆய்வாளர் டெப்ரா பெப்ளரும் சகாக்களும் பள்ளி மைதானங்களில் வீடியோ எடுத்துப் பார்த்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சக பிள்ளை ஒருவர் குறுக்கே புகுந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 நொடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கப் பின்லாந்து உருவாக்கிய கிவா திட்டமும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான் கட்டப்பட்டது.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். என் வகுப்பில் ஒருவனுக்குத் திக்குவாய். பாடம் வாசிக்க எழுந்தால் கடைசி பெஞ்சில் தாளம் போடுவார்கள், நான் சிரிப்பேன். ஒருநாள் எங்கள் ஆசிரியரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து தாளம் பலமாயிற்று. அவன் வாசிக்க எழுந்திருப்பதையே விட்டுவிட்டான்.

அந்தப் பட்டப்பெயரை உங்கள் ஆசிரியர் அறையில் யாராவது சொல்கிறார்களா என்று ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள்.